கடல் பிறக்கோட்டிய குட்டுவன்

போடிமெட்டின் உச்சியில் ஒரு மழைத்துளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சற்றே கிழக்குச் சரிவில் விழுந்தால் அது கொட்டகுடி ஆற்றோடு கூடிப் போடி நகரைக் கடந்து வையையில் கலக்கும். சற்றே மேற்குச் சரிவில் விழுந்தால் பன்னியாற்றில் இறங்கிப் பெரியாற்றோடு சேர்ந்து மேலைக் கடலைக் காணும். ஒரு துளிக்குப் பாண்டி நாடு. மறு துளிக்குச் சேர நாடு. இன்று அவ்வுச்சியில் இரு மாநிலங்களின் சோதனைச் சாவடிகள் நிற்கின்றன. கொச்சியிலிருந்து தனுஷ்கோடி செல்லும் நெடுஞ்சாலை அவ்வழியே ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, போடிச் சமவெளியில் இறங்குகிறது.

நான் பிறந்தது அம்மலையின் கீழ்ப்புறம். என் அப்பத்தா நாற்பது ஆண்டுகள் அந்த வளைவுகளில் ஏறி இறங்கியவள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலைக்குப் போவாள். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பாள். இருட்டும் நேரத்தில் திரும்புவாள். அவள் சேலையை உதறினால் வீடெல்லாம் ஏலம் மணக்கும். சேரன் செங்குட்டுவன் என்றொரு மன்னன் இருந்ததை அவள் அறியாள். ஆயினும் அவன் வாழ்க்கையை நான் விளங்கிக்கொள்ள அவள் போய்வந்த வழியே எனக்குத் துணை செய்தது. எப்படி என்று சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் ஓர் இரவு, உணவுக்குப் பின் நம் விடுதிக் கூடத்தில் ஒரு சொற்போர் மூண்டது. செங்குட்டுவன் யாருடைய அரசன் என்பதே பொருள். எங்கள் மண்ணில் ஆண்டவன், ஆகவே எங்களவன் என்றனர் கேரள நண்பர்கள். தமிழில் பாடப்பெற்றவன், மூவேந்தர் மரபினன், ஆகவே நம்மவன் என்றனர் நம் மன்றத்தார். கங்கையில் நீராடினான், கனக விசயர் முடித்தலையில் கல்லேற்றினான் என்று நம்மவர் அடுக்கிக்கொண்டே போயினர். அன்று நான் வாய் திறக்கவில்லை. என் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்து நின்றது. இத்துணைப் பெரும்படையை நடத்தியவன் அதற்குச் சோறு எங்கிருந்து போட்டான்? யானைக்கும் தேருக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? விடை தேடிப் புகுந்தேன். பள்ளிப் பாடத்தில் நான் படித்த செங்குட்டுவன் மெல்ல மறைந்து, வேறொருவன் என் முன் வந்து நின்றான். அவனைத்தான் நண்பர்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

செங்குட்டுவன் வாழ்ந்தது கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர். அவன் காலத்தில் இலங்கையை ஆண்டவன் கயவாகு என்று சிலப்பதிகாரம் கூறுவதே அம்முடிவுக்கு ஊன்றுகோல். தந்தை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். தாய் சோழர் குலமகள். இளங்கோவடிகள் தம்பி என்பது சிலப்பதிகாரப் பதிகம் தரும் செய்தி. சங்கப் பாடல்களில் அத்தம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் ஆட்சி 55 ஆண்டுகள் நீண்டதாகப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் சொல்கிறது. அந்தப் பத்தைப் பாடியவர் பரணர். வஞ்சி எங்கே இருந்தது, கருவூரா கொடுங்கோளூரா என்ற வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. நம் பாட்டன்மார் காலத்திலேயே புலவர்கள் அதில் நூல் நூலாக எழுதி மோதிக்கொண்டு விட்டார்கள்.

அவன் பெயரையே முதலில் பாருங்கள். குட்டுவன் என்றால் குட்ட நாட்டுத் தலைவன். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் ஒன்று உண்டு, பெரிப்ளூஸ் என்பர். முசிறியில் கப்பலேறும் மிளகு கொட்டனாரிகே என்னும் ஒரே நாட்டில்தான் மிகுதியாக விளைகிறது என்று அந்நூல் எழுதி வைத்திருக்கிறது. அது குட்ட நாடே என்று ஆய்வாளர் கொள்வர். ஆகவே மிளகு விளைந்த மண்ணின் பெயரையே தன் பெயராகக் கொண்டு ஆண்டவன் நம் மன்னன்.

ஆனால் மிளகு விளைந்தால் மட்டும் அரசு விளைந்துவிடுமா? சேரர் பெருவேந்தர் ஆவதற்கு முன்பும் மலையில் கொடி படர்ந்துதான் இருந்தது. அக்காலத்து வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதற்கு எங்கள் தேனி மாவட்டமே சான்று தருகிறது. ஆண்டிபட்டி வட்டத்தில், வையைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழிப் பொறிப்புடைய நடுகற்கள் கிடைத்தன. கிறித்துவுக்கு முன்பே எழுந்தவை அவை. கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்காக நட்டது அவற்றுள் ஒன்று. ஒரு குடி மற்றொரு குடியின் மாட்டை ஓட்டிவரும். அவர்கள் துரத்திவந்து மீட்பார்கள். இடையில் விழுந்தவனுக்குக் கல் நடுவார்கள். ஊர்த்தலைவனின் செல்வம் மந்தையளவே. மந்தையை வைத்துக்கொண்டு 55 ஆண்டு பேரரசு நடத்த இயலாது. தொலை நாட்டுப் பொன் துறையில் வந்து இறங்கத் தொடங்கிய பிறகே, அந்தத் துறையையும் அதற்குச் செல்லும் வழிகளையும் காத்து நின்ற தலைவன் ஏனைத் தலைவர்களினும் உயர்ந்தான். குறுநிலத் தலைவன் வேந்தனாவதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெருங்காரணம் என்று துணிந்து சொல்வேன்.

செங்குட்டுவன் பிறந்த வீட்டிலேயே இக்கல்வி தொடங்கிவிட்டது. அவன் தந்தை கடலுக்குள் சென்று பகைவரின் காவல் மரமாகிய கடம்பை வெட்டி வந்தவன். யவனரைப் பிடித்துக் கைகளைப் பின்கட்டாகக் கட்டி, தலையில் நெய் வார்த்து, அவர்களுடைய விலையுயர்ந்த கலன்களையும் வயிரத்தையும் கொண்டவன் என்று அவனைப் பற்றிய பதிகம் கூறுகிறது. அந்த யவனர் செய்த குற்றம் யாதோ! கப்பலோடு வருபவனைக் கட்டிப்போட்டால் ஒரு முறை பொருள் கிடைக்கும். காத்து அனுப்பினால் ஆண்டுதோறும் கிடைக்கும். தந்தையின் செயலிலிருந்து மகன் கற்ற பாடம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மகனுக்குக் கடல் பிறக்கோட்டிய குட்டுவன் என்று பெயர் வந்தது. கடலின்மேல் வேலை எறிந்து அதனைப் புறங்காட்டி ஓடச் செய்தான் என்பது புலவர் வாக்கு. கடல் எப்படி ஓடும் என்று பள்ளியில் நாங்கள் சிரித்ததுண்டு. உரோம நாட்டுப் பிளினியின் நூலைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு எனக்கு அடங்கிற்று. கி.பி. 77ஆம் ஆண்டளவில் எழுதிய அவர், முசிறி இறங்குவதற்கு ஏற்ற துறையன்று என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் இரண்டு. அருகில் கடற்கொள்ளையர் கூட்டம் இருக்கிறது. கப்பல் கரையிலிருந்து நெடுந்தொலைவில் நிற்பதால் சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. பிளினி காலத்தில் தந்தையோ பாட்டனோ அரியணையில் இருந்திருக்கலாம். அந்தக் கொள்ளையரை ஒடுக்கிக் கடல்வழியைத் திறந்து வைத்ததே கடலை ஓட்டிய செயல் என்று கொண்டால், பரணர் பாட்டு வெறும் உயர்வு நவிற்சியாகத் தோன்றாது. இமயத்துக்குப் போனதைவிட இதுவே அவன் செய்த பெருஞ்செயல் என்பேன். நம் மன்றத்தார் என்மேல் சினங்கொள்ளாதிருப்பார்களாக!

திறந்த வழியில் என்ன வந்தது? பரணரே புறநானூற்றில் முசிறியைக் காட்டுகிறார். அப்பாட்டு உண்மையில் ஒரு பெண்ணைப் பற்றியது. முசிறியின் செல்வம் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் அவள் தந்தை அவளைத் தகாதவனுக்குத் தரமாட்டான் என்று சொல்ல வந்தவர், போகிற போக்கில் அத்துறையின் ஒரு நாளைப் படம் பிடித்துவிடுகிறார். மீனைக் கொடுத்து மாற்றிய நெல் படகில் குவிந்து கிடக்கிறது. வீடுகளில் மிளகு மூட்டைகள் மலைபோல் நிற்கின்றன. கப்பல் தந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்க்கின்றன. மலையில் கிடைப்பதையும் கடலில் கிடைப்பதையும் கலந்து வருவோர்க்கெல்லாம் குட்டுவன் வழங்குகிறான். கழித்தோணி என்னும் ஒன்று போதும். பிளினி குறைசொன்ன அதே சிறு படகுதான் அது! ஒருவருக்கொருவர் அறிமுகமற்ற இருவர், வேறு வேறு மொழியில், ஒரே துறையைப் பார்த்து ஒரே செய்தியை எழுதியிருக்கிறார்கள்.

மண்ணும் பேசத் தொடங்கிவிட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூருக்கு அருகே பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில், உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் செங்கல் கட்டிய துறையும் ஒரே மரத்தில் குடைந்த படகும் வெளிப்பட்டன. முசிறி அதுவே என்று கருதுவோர் பலர். எகிப்து நாட்டுச் செங்கடற் கரையில் பெரனிகே என்னும் பழைய துறையில், கோயிலொன்றில் புதைந்திருந்த இந்திய மட்பாண்டத்தில் ஏழரைக் கிலோ கருமிளகு இருந்தது. எல்லாவற்றிலும் என்னை வியப்பில் ஆழ்த்தியது வியன்னா நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஓலை. 1985இல்தான் அது அச்சேறியது. செங்குட்டுவனுக்குரியதாகச் சொல்லப்படும் அதே இரண்டாம் நூற்றாண்டில், ஹெர்மபொல்லோன் என்னும் கப்பல் முசிறியிலிருந்து கொண்டுவந்த சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு சுங்கம் போக எஞ்சிய மதிப்பே ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்னும் உரோம நாணயம். இஃது ஒரே ஒரு கப்பலின் கணக்கு. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை இழுத்துக்கொள்கிறது என்று பிளினி அங்கலாய்த்ததில் வியப்பென்ன?

கப்பல்கள் வேனிலில் எகிப்தை விட்டுத் தென்மேற்குக் காற்றில் வந்தன. காற்றுத் திரும்பியதும் மார்கழி தை வாக்கில் மீண்டன. அதற்குள் மிளகு துறைக்கு வந்து குவிந்திருக்க வேண்டும். மலையிலிருந்து அதனைக் கொண்டுவந்தவர் யார்?

இங்கேதான் என் அப்பத்தாவின் வழி வருகிறது. மலையில் வாழ்பவனுக்கு எல்லாம் உண்டு, உப்பு ஒன்றைத் தவிர. கடலோரத்து உப்பை மாடுகளிலும் வண்டிகளிலும் ஏற்றிக்கொண்டு உமணர் குடும்பத்தோடு உள்நாட்டுக்குள் நடந்தனர். உப்பு ஏறிற்று, தேனும் தந்தமும் அகிலும் மிளகும் இறங்கின. தொண்டை நாட்டு வழிகளில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சென்றதையும், சுங்கம் கொள்ளும் அப்பெருவழிகளை வில்லேந்தியவர் காத்ததையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சேர நாட்டில் மலை எத்துணை மதிப்புடையதாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். தன்னைப் பாடிய பரணருக்குச் செங்குட்டுவன் கொடுத்த பரிசில் உம்பற்காட்டின் வருவாய். உம்பல் என்றால் யானை. யானை திரியும் காட்டிலிருந்து ஒரு புலவர் வாழ்நாளெல்லாம் உண்ணத் தக்க வருவாய் வந்தது என்றால், அக்காடு வெறுங்காடாக இருந்திருக்க முடியுமா? தன் மகன் குட்டுவன் சேரலையும் பரணரிடம் ஒப்படைத்தான் என்பர். அந்தப் பிள்ளையைப் பற்றி அதற்குமேல் வரலாறு ஒன்றும் சொல்லவில்லை.

இனி அவன் போர்களைப் பார்ப்போம். பட்டியலாகப் படித்தால் அவை சலிப்பூட்டும். நிலப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு செய்தி புலப்படும். கொங்கரோடு பொருதான். கொங்கு நாடு பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே கிடப்பது. கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய நாடு. மேலைக் கடற்கரையிலிருந்து காவிரிக் கரைக்கு மாட்டு வண்டி எளிதாகச் செல்லும் வழி அதுவே. சோழ நாட்டில் தாயத்தார் ஒன்பதின்மர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஒரு பகலில் வென்று, தன் மைத்துனன் கிள்ளியை அரியணையில் இருத்தினான். காவிரிக் கரையில் உறவினன் ஆள்வது சேரனுக்கு நல்லது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மூன்றாவது, மோகூர்ப் போர். மோகூர் மதுரைக்கு அருகில் உள்ளது என்பர். அதன் தலைவன் பழையன் பாண்டியனைச் சார்ந்தவன். செங்குட்டுவனின் நண்பன் அறுகைக்கு அவன் பகைவன். நண்பனுக்காகச் சேரன் படையெடுத்தான் என்பது பாட்டு. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் முசிறியின்மேல் பாண்டியனுக்கும் கண் இருந்தது. பாண்டியன் ஒருவன் முசிறியை முற்றி யானைகளை வீழ்த்தி அங்கிருந்த படிமத்தைக் கவர்ந்து சென்றதை அகநானூறு கூறுகிறது. முசிறிக்கும் மதுரைக்கும் நடுவே நிற்பது எங்கள் மலைத்தொடர். இரு பக்கத்துப் படைகளும் அதன் கணவாய்களில் ஏதோ ஒன்றைக் கடந்தே ஆகவேண்டும்.

அம்மோகூரில் நடந்த ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. பழையனின் காவல் மரமாகிய வேம்பை வெட்டித் துண்டாக்கி வண்டியில் ஏற்றினான் செங்குட்டுவன். அவ்வண்டியில் யானைகளைப் பூட்டுவதற்குக் கணவரை இழந்த மகளிரின் கூந்தலை அறுத்துக் கயிறு திரித்தான். பதிகம் இதனைப் புகழாகவே பாடுகிறது. நானோ படித்த அன்று இரவு உறங்கவில்லை. பின்னாளில் ஒரு கைம்பெண்ணுக்குக் கோயில் எடுத்தவன் இவன்தானா என்று தோன்றிற்று. மன்னர்களின் வாழ்க்கையை எழுதுவோர் இத்தகைய இடங்களில் வேகமாக நடந்துவிடுவது வழக்கம். நாமாவது ஒரு கணம் நிற்போம்.

கண்ணகியின் கதை நாம் அறிந்ததே. ஆயினும் அதிலுள்ள வணிகரை எண்ணிப் பாருங்கள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல் வணிகன். கோவலன் தந்தை மாசாத்துவான் பெருவணிகன். பொருளிழந்த இளந்தம்பதியர் பிழைப்புத் தேடிப் புகாரை விட்டு மதுரைக்கு நடக்கின்றனர். கணவனை இழந்தபின் கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறுகிறாள். வையைக் கரையில் மேற்கே நடப்பவர் வேறு எங்கே போய்ச் சேர்வார்? கம்பம், போடிப் பள்ளத்தாக்குகளைத் தலையில் தாங்கி நிற்கும் எங்கள் மலைகளுக்குத்தான்.

அவ்வேளையில் செங்குட்டுவன் அரசி இளங்கோ வேண்மாளோடு பெரியாற்றங்கரையில் மலைவளம் கண்டுகொண்டிருந்தான். மலைவாழ் மக்கள் கையுறை சுமந்து வந்தனர். தந்தம், அகில், சந்தனம், தேன் என்று இளங்கோவடிகள் அடுக்கும் அந்த நீண்ட வரிசையில் ஏலக்கொடியும் மிளகுக்கொடியும் இருக்கின்றன. அந்த வரிசையைக் கண்டதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். மன்னன் கால்மாட்டில் அன்று இறக்கி வைத்த அதே காயைத்தானே அப்பத்தா நாற்பது ஆண்டு பறித்தாள்!

வேங்கை மர நிழலில் ஒரு பெண் விண்ணேறியதைக் கண்டதாகச் சொன்னவர்கள் அம்மலை மக்களே. அவள் யார், எந்த ஊர், என்ன நேர்ந்தது என்று விளக்கியவர் உடனிருந்த சாத்தனார். மதுரையில் தானிய வாணிகம் செய்தவர். காட்டுப்பொருள் கொண்டுவந்தவர் பாதிச் செய்தி கொண்டுவந்தனர். மதுரை வணிகர் மறுபாதி கொண்டுவந்தார். சரக்குப் போன வழியிலேயே புகாரின் துயரமும் வஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு நடந்த வடநாட்டுச் செலவை நீங்கள் அறிவீர்கள். கல் கொணர்ந்தான், கங்கையைக் கடக்க நூற்றுவர் கன்னர் ஓடம் தந்தனர், 32 திங்கள் கழித்து வஞ்சிக்கு மீண்டான். பரணர் பாடிய பத்துப் பாட்டுகளில் கண்ணகிக்குக் கல்லெடுத்த செய்தி இல்லை. பதிகத்திலும் சிலம்பிலுமே உண்டு. ஆதலால் இதில் வரலாறு எவ்வளவு, காப்பியம் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. பத்தினி வழிபாடு கடல் கடந்தது மட்டும் கண்கூடு. கயவாகு அதனைக் கொண்டுசென்றான் என்ற மரபு இலங்கையில் நிலைத்திருக்கிறது. சிங்கள மக்கள் இன்றும் பத்தினித் தெய்வத்தை வணங்குகின்றனர். மலைமேலோ, மதுரையை விட்டு ஏறி வந்தவர் தம் முன்னோர் என்று முதுவரும் மன்னான்களும் இன்றும் சொல்லிவருகின்றனர். மன்னான் மக்கள் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடுகின்றனர்.

செங்குட்டுவன் எப்போது, எங்கே இறந்தான் என்று எந்த நூலும் கூறவில்லை. வேள்வி செய்தான், சிறைப்பட்ட அரசரை விடுவித்தான் என்பதோடு காப்பியம் அவனை விட்டுவிடுகிறது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் முற்றியபோது, மலைத் தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல மூட்டை முடிச்சுகளோடு கீழே இறங்கி வந்தன. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பத்தா பல நாள் வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அரிசி கடனுக்கு வந்தது. மேலே அவளோடு காய் எடுத்த மலையாளத்துப் பெண்ணொருத்தி எப்படி இருக்கிறாளோ என்று அடிக்கடி கேட்பாள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

விடுதிச் சொற்போருக்குப் பின் வந்த சித்திரை முழுமதி நாளில் நான் ஊருக்குப் போயிருந்தேன். குமுளிக்கு அருகே மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் அந்த ஒரு நாள்தான் திறந்திருக்கும். செங்குட்டுவன் கோயில் எடுத்தது வஞ்சியில் என்றே சிலம்பு சொல்வதால், இடிந்து கிடக்கும் அக்கற்கட்டடத்தை அவன் கட்டியது என்று நான் வழக்காட மாட்டேன். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறினோம். மேற்கே குமுளியிலிருந்து ஜீப்புகள் வந்தன. இரு மாநிலக் காவலரும் இருந்தனர். இரு மொழியிலும் குழந்தைகள் அழுதன.

முழங்கால் வலியோடு என் தோளைப் பற்றிக்கொண்டு ஏறிய அப்பத்தா, கூட்டத்தில் முன்னே நகர்ந்து, மடியில் முடிந்து வந்திருந்த ஏலக்காய் நாலைந்தை எடுத்து அந்தக் கல்லின் முன் வைத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். மலைக்குப் போறவுக எல்லாரும் அப்படித்தான்ப்பா வைப்பாக என்றாள்.